சிறுகூர் ஏரிக்கரையில் நின்ற கரி பஸ்

திருத்தணியில் பஸ் ஓட்டுவதில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டால் நஜீர் அகமது என்று ஜனங்கள் சொல்வார்கள். நஜீர் அகமதுவையே கேட்டாலும் அதைத்தான் சொல்வார். அவர் வாயிலிருந்து வரும்போது அது பெருமையாகத் தோன்றாது. இன்றைக்கு வியாழக்கிழமை என்று சொல்கிற மாதிரி இருக்கும்.

அரக்கோணத்தில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பிடித்துப் பழகி, பிறகு ஸ்டியரிங் பிடித்தவர். நெடிய உடம்பு, கனத்த குரல். திருத்தணி ஸ்டேஷன் வாசலில் விடிவதற்கு முன்பே கிளம்பி, ஆர்.கே.பேட்டை வழியாக அம்மையார்குப்பம் போய், பிற்பகலில் திரும்பி வருகிற பஸ் அவருடையது. முதலாளி அரக்கோணத்தில் இருந்தார் என்றாலும் அதற்கு நஜீர் பஸ் என்றே பெயர். அந்த பஸ்ஸின் ஹாரன் சத்தத்தை வைத்து அம்மையார்குப்பத்தில் நெசவாளர்கள் தறியிலிருந்து எழுந்து சாப்பிடப் போவார்கள்.

யுத்தம் அந்த ஒழுங்கைக் கெடுத்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. முதலாளி பஸ்ஸை அரக்கோணத்துக்கு வரவழைத்து, அதன் முதுகில் ஆளுயர இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பொருத்தி அனுப்பினார். பீப்பாயில் கட்டைக்கரி கொட்டி, நெருப்பு மூட்டி, கைவிசிறியைச் சுற்றினால் வாயு கிளம்பும். அந்த வாயுவில் இன்ஜின் ஓடும். சமதரையில் ஓடும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கி நடக்க வேண்டும். பாதி வழியில் ஒருமுறை நிறுத்தி, அடியில் கட்டிதட்டிப்போன சாம்பலைக் கம்பியால் கிளறி வெளியே இழுத்து, புதுக் கரி போட்டு, வாயு சீராக வரும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

அந்தப் பாதி வழி சிறுகூர் ஏரிக்கரை.

முதலில் சில மாதங்கள் நஜீர் அகமது அந்தக் கரையில் நிற்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நேரம் தவறுவது அவருக்குச் சட்டையில் கிழிசலோடு தெருவில் போவது மாதிரி. கண்டக்டர் சின்னசாமி கைவிசிறியைச் சுற்றுவார், இவர் கம்பியால் கிளறுவார், ஜனங்கள் முணுமுணுப்பார்கள். ஏரி பக்கம் யாரும் பார்த்ததாக நினைவில்லை. ஏரி என்றால் தண்ணீர் இருக்கும், அதில் பார்க்க என்ன இருக்கிறது?

கார்த்திகை மழை ஏரியை நிரப்பிவிட்டுப் போன ஒரு நாள் காலை. சூரியன் அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. சாம்பலை இழுத்துப் போட்டுவிட்டு நஜீர் அகமது முதுகை நிமிர்த்தினார். தலைக்கு மேலே நாதஸ்வரக்காரர்கள் கச்சேரிக்கு முன்பு சீவாளியை ஊதிப் பார்ப்பது போல ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தார். சாம்பல் நிறத்தில் பெரிய வாத்துகள், வளைந்த கோடாக, கோட்டுக்குப் பின்னால் இன்னொரு கோடாக, வயல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தன. ஏரிக்கு மேலே வந்ததும் கோடு குலைந்தது. ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்றை உதறிவிட்டுக் கல் மாதிரி விழுந்து, தண்ணீரைத் தொடும்போது மட்டும் காலை நீட்டி பிரேக் போட்டது. பிரேக் போட்ட இடத்தில் தண்ணீர் நீளமாகக் கிழிந்தது. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தன.

அத்தனை எடையை அத்தனை வேகத்தில் கொண்டுவந்து அலுங்காமல் நிறுத்துவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அவர் தொழிலே அதுதான்.

"பாய்! பாய்!" என்று சின்னசாமி கத்தியது காதில் விழவில்லை. விழுந்தபோது பீப்பாயில் நெருப்பு அணைந்துவிட்டிருந்தது. மறுபடி மூட்டி, அது பிடிக்காமல், கடைசியில் ஜனங்கள் இறங்கி பஸ்ஸைத் தள்ளினார்கள். கீரைக்கூடை கொண்டுபோகும் பங்காரு தள்ளிக்கொண்டே திட்டினாள்.

"நல்லா பாத்தீங்க பாய் வாத்த! எங்க கை போச்சு."

"நீயும் பாத்திருக்கலாமேம்மா," என்றார் நஜீர் அகமது. "நாளைக்கு வரும். பாரு."

மறுநாளும் வாத்துகள் வந்தன. பங்காரு பார்த்தாள். இந்தத் தடவை நெருப்பு அணையவில்லை, ஏனென்றால் நஜீர் அகமது வேலையை ஏரிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டுவிட்டார். முதலில் சாம்பல், அடுத்தது கரி, அதற்கப்புறம் விசிறிப் பிடியைச் சின்னசாமி கையில் கொடுத்துவிட்டு ஏரி.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவருக்கு ஏரி அடையாளம் தெரிந்துவிட்டது. ஊசி மாதிரி வால் நீண்ட வாத்துகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு மேயும். கரண்டிவாயன்கள் வரிசையாக மூக்கால் தண்ணீரைத் துழாவிக்கொண்டே நடக்கும். சின்னக் கிளுவை வாத்துகள் கிளம்பும்போது விசில் அடிக்கும். நெற்றியில் வெள்ளையாகத் தடவிக்கொண்டு கறுப்புக் கோழி மாதிரி நீந்துகிறதை ஊரில் நாமக்கோழி என்றார்கள்.

"நாமம் போட்டதுன்னா திருப்பதி பக்கம் போவேண்டியதுதானே?" என்றார் சின்னசாமி. "முருகன் ஊருக்கு வந்துகினு இன்னா பண்ணுது?"

"ரயில் தப்பா ஏறிருக்கும்," என்றார் நஜீர் அகமது.

பஸ்ஸில் சிரித்தார்கள். ஏரிக்கரை வந்ததும் முணுமுணுத்தவர்கள், இப்போது அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு முந்திக்கொண்டு போய் உட்கார ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருஷம் மார்கழியில்தான் அந்த விஷயம் நடந்தது.

பருந்து வந்தால் வாத்துகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும் என்று நஜீர் அகமது பார்த்து வைத்திருந்தார். அன்று எதுவும் எழவில்லை. நடு ஏரியில் மிதந்துகொண்டிருந்த நாமக்கோழிகள் சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கின. சந்தைக் கூட்டத்தில் பஸ் நுழைந்தால் ஜனங்கள் விலகுவார்களே, அப்படி. விலகிய இடத்தில் தண்ணீர்ப்பாதை ஒன்று திறந்தது. பாதையில் வண்டி எதுவும் இல்லை. குமிழிகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அப்புறம் தட்டையான பழுப்புத் தலை ஒன்று மேலே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மீசையில் தண்ணீர் சொட்ட அவை இரண்டும் பஸ்ஸைப் பார்த்தன. பின்னால் கரையோரச் சம்புக்கோரைப் புதரிலிருந்து குருவி கத்துவது போல மெல்லிய கீச்சுக் குரல்கள் கேட்டன. பெரியவற்றில் ஒன்று வாயில் மீனைக் கவ்விக்கொண்டு அந்தக் குரல்களை நோக்கிப் போனது.

"நீட்டிகுக்க," என்று பங்காரு தெலுங்கில் மூச்சோடு சொன்னாள். "நீர்நாய், பாய். எங்க நைனா ஆத்துல பாத்ததா சொல்வாரு. நான் பாத்ததே இல்ல."

"குட்டி போட்டிருக்குது," என்றார் நஜீர் அகமது. "யாரும் வெளியே சொல்லாதீங்க. மீன் திங்கிற மிருகம். சொன்னா விட மாட்டாங்க."

ஜன்னலோரம் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். வெளியே யாரும் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அந்த வருஷம் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் கண்ணையன். சிறுகூரில் நிலபுலன் உள்ளவர். கோபக்காரர், ஆனால் நியாயம் பார்க்கிற மனுஷர் என்றும் பெயர். சாயங்காலம் வலையைக் கட்டிவிட்டு விடிந்ததும் எடுப்பது அவர் ஆட்களின் வழக்கம். சில நாட்களாக வலை கிழிந்திருந்தது. கத்தி போட்டது போலக் கிழிசல், மீன் இல்லை. கரையில் செதில்கூட இல்லை. திருட்டு என்று முடிவு கட்டினார் கண்ணையன். திருடன் யார் என்று யோசிக்கவும் நேரம் ஆகவில்லை. மதகைப் பார்த்துக்கொள்ளும் எல்லப்பன்தான் கரையிலேயே குடிசை போட்டுக்கொண்டு இருந்தான்.

எல்லப்பன் அதிகம் பேசாதவன். பஸ் நின்றால் கரித்தூசியைக் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுப்பான், அதோடு சரி. அவன் மனைவி அம்சா ஒரு நாள் காலை ஏரிக்கரையில் பஸ் நின்றதும் வந்து நஜீர் அகமதுவின் பக்கத்தில் நின்றாள். அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

"அண்ணா, எங்க ஊட்டுக்காரர மதகு வேலைலேருந்து நிறுத்தறாங்களாம். மீன் திருடனாம். முன்சீப்பு முன்னாடி நிக்க வச்சி கேட்டாங்க. அவரு பாட்டுக்கு நின்னுகினு இருந்தாரு, வாயத் தொறக்கல. நீங்க தெனமும் இங்க நிக்கிறீங்களே, யாருன்னா வலையாண்ட போனத பாத்தீங்களா?"

நஜீர் அகமது கம்பியைக் கீழே வைத்தார். ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தேம்மா," என்றார். "திருடன் எல்லப்பன் இல்ல. நீ வீட்டுக்குப் போ. நான் பேசறேன்."

சொல்லிவிட்டாரே ஒழிய, அன்று முழுக்க அவர் பஸ்ஸை ஓட்டிய விதத்தில் சின்னசாமிக்கு வித்தியாசம் தெரிந்தது. கியர் மாற்றும்போது கரகரவென்றது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி அஸ்கரி பேகத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். வீட்டில் அவர்கள் பேசுவது உருது. அஸ்கரி பேகம் சுருக்கமாகப் பேசுகிறவர்.

"மிருகத்துக்கு வாய் இல்லையே என்று யோசிக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"அந்த மதகுக்காரருக்கும்தான் வாய் இல்லை. முதலில் அவர் விஷயத்தை முடியுங்கள். மிருகத்துக்கு என்ன செய்வது என்று அப்புறம் யோசியுங்கள். உங்களுக்கு யோசனையா வராது?"

அதற்கு மேல் அவருக்குக் குழப்பம் இல்லை. தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை கரையில் பஸ்ஸை நிறுத்தி, சின்னசாமியை ஊருக்குள் அனுப்பி, கண்ணையனையும் கிராம முன்சீப்பையும் கையோடு கூட்டிவரச் சொன்னார். எல்லப்பனும் வந்து தள்ளி நின்றான்.

"கண்ணையண்ணா, உங்க வலைய கிழிக்கிறது நீர்நாய். குடும்பத்தோட இருக்குது. இப்ப வரும், பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். பனி ஏரிமேல் கிடந்தது. வாத்துகள் மேய்ந்தன. நாமக்கோழிகள் சண்டை போட்டன. நீர்நாய் வரவில்லை. வாயு வந்து, வந்த வாயு வீணாகி, மறுபடி கரி போட்டும் வரவில்லை.

"பாய், எல்லப்பன் உங்களுக்குத் தண்ணி மொண்டு குடுக்கறவன். பாவம்னு பாக்கறீங்க, புரியுது," என்றார் கண்ணையன். "அதுக்காக இல்லாத நாயெல்லாம் கூப்பிடாதீங்க."

"நாளைக்கும் வாங்கண்ணா."

"நாளைக்கு இன்னா ஆவும்?"

"நாளைக்குக் காட்டறேன். இல்லன்னா நாளான்னிக்குக் காட்டறேன். எனக்கு தெனமும் இங்கதான் வேல."

மறுநாளும் நீர்நாய் வரவில்லை. கண்ணையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். நஜீர் அகமது அவரை விடவில்லை. கரையோடு நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் ஈரச்சேற்றையே பார்த்துக்கொண்டு நடந்தார். மதகுக்கு அந்தப் பக்கம், தண்ணீரை ஒட்டி இருந்த பாறையருகே நின்றார். சேற்றில் விரல்களுக்கு நடுவே தோல் படிந்த காலடிகள். பாறைமேல் கறுப்பாக உலர்ந்த எச்சம். அதில் மீன் செதில் வெயிலுக்கு மினுங்கியது. நண்டு ஓட்டுத் துண்டுகளும் இருந்தன.

"எல்லப்பன் நண்ட ஓட்டோட தின்ன மாட்டான்," என்றார் நஜீர் அகமது. "குனிஞ்சி மோந்து பாருங்க."

"இத்த நான் மோந்து வேற பாக்கணுமா?"

"பாருங்க. மீன் வாசன வரும்."

கண்ணையன் வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குத்தகைதாரர் கௌரவத்தோடு குனிந்தார். அவர் மூக்கு பாறைக்குக் கிட்டே போயிருக்கும். சம்புப் புதர் சலசலத்தது. தாய் நீர்நாய் தண்ணீரிலிருந்து சற்றுத் தள்ளி இருந்த மணலில் ஏறியது. வாயில் பெரிய விரால், மீனின் செவுளில் கண்ணையன் வலையின் நூல் ஒரு துண்டு தொங்கியது. பின்னாலேயே குட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. தாய் மீனைப் போட்டுவிட்டு மணலில் முதுகைத் தேய்த்துப் புரண்டது. குட்டிகளில் ஒன்று மீன் வாலைப் பிடித்து இழுத்தது, மற்றொன்று அந்தக் குட்டியின் வாலைப் பிடித்து இழுத்தது.

குனிந்தபடியே இருந்தார் கண்ணையன். நிமிர்ந்தால் ஓடிவிடும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

எல்லாம் தண்ணீருக்குள் போன பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். நேராக எல்லப்பனிடம் போனார்.

"நான் சொன்னது தப்பு எல்லப்பா. மதக நீயே பாரு," என்றார். முன்சீப்பிடமும் அதையே உரக்கச் சொன்னார். எல்லப்பன் தலையை மட்டும் அசைத்தான். அன்று அவன் நஜீர் அகமதுவுக்கு மொண்டு கொடுத்தது தண்ணீர் அல்ல. அம்சா காய்ச்சிய கேழ்வரகுக் கூழ்.

ஆள் விஷயம் முடிந்தது. மிருகத்தின் விஷயம் மறுநாளே ஆரம்பித்தது. கண்ணையன் நகரி பக்கத்திலிருந்து நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த ஒருவரை வரவழைத்தார். திருட்டு என்றால் எல்லப்பனை நிறுத்துவது. நீர்நாய் என்றால் சுடுவது. அவர் கணக்கு நேரானது.

துப்பாக்கிக்காரர் விடியலில் வந்து, பாறைக்குப் பின்னால் கோணிப்பையை விரித்துப் படுத்துக்கொண்டார். நீர்நாய்கள் வெளியே வரும் நேரம் அதுதான். நஜீர் பஸ் வரும் நேரமும் அதுதான். பஸ் தினமும் நிற்கும் இடத்தைத் தாண்டி, பாறைக்கு நேரே வந்து நின்றது. ரப்பர் பந்து ஹாரனை நஜீர் அகமது இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினார். ஏரியில் இருந்த வாத்து, கொக்கு, நாரை அத்தனையும் கிளம்பி வானத்தை அடைத்துக்கொண்டு சுற்றின. தண்ணீரில் வட்டங்கள் மட்டும் மிச்சம்.

"இன்னாய்யா இது!" என்று துப்பாக்கிக்காரர் எழுந்து கத்தினார்.

"மன்னிச்சிடுங்க. கரி வண்டிங்க. எங்க நிக்குமோ அங்கதான் நிக்கும்," என்றார் நஜீர் அகமது.

மறுநாள் துப்பாக்கிக்காரர் எதிர்க்கரைக்குப் போனார். எதிர்க்கரைக்கு பஸ் போகப் பாதை இல்லை. அன்று பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எல்லாரும் இறங்கிக் கரையோடு நடந்தார்கள். பங்காரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, வயலுக்குக் கேட்கிற குரலில் கீரை விற்றுக்கொண்டே போனாள். அம்மையார்குப்பத்து நெசவாளர் ஒருவர் நூல்மூட்டையோடு வழி தெரியாதவர் போலத் துப்பாக்கிக்காரரிடம் போய் அம்மையார்குப்பத்துக்கு வழி கேட்டார். அதற்கடுத்த நாளும் இப்படியே ஏதோ ஒன்று. பிறகு துப்பாக்கிக்காரர் கோணிப்பையைச் சுருட்டினார். "உங்க ஊர் ஏரில நாய்ங்களவிட ஜனங்க தொந்தரவு ஜாஸ்தி," என்று கண்ணையனிடம் சொல்லிவிட்டு நகரிக்கே போய்விட்டார்.

கண்ணையன் பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றார்.

"பாய், வேணும்னேதானே பண்றீங்க?"

"ஆங். வேணும்னேதான்."

மழுப்புவார் என்று எதிர்பார்த்துக் கோபத்தைச் சேர்த்து வைத்திருந்த கண்ணையன் துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். நஜீர் அகமது கீழே இறங்கினார்.

"அண்ணா, நீங்க ராத்திரிக்கு ஏன் வலை கட்டறீங்க?"

"காலைல எடுத்து வண்டில போட்டா தான் மத்தியானத்துக்குள்ள திருத்தணி போவும். மாட்டு வண்டி போற வேகம் தெரியாதா? போய் சேர்றதுக்குள்ள பாதி நாறிடும்."

"நீர்நாய் வர்றது விடியல்லயும் இருட்டினதுக்கு அப்புறமும். வெயில் ஏறினா புதருக்குள்ள தூங்குது. நான் ரெண்டு வேளையும் இந்த வழியா போறேன், பாத்துகினுதான் இருக்கறேன். வலைய காலைல கட்டுங்க. மத்தியானம் எடுங்க. நான் திரும்பி வரும்போது கூடைங்கள என் பஸ் மேல ஏத்துங்க. சாயங்காலம் சந்தைல மீன் துள்ளிகினு இருக்கும்."

கண்ணையன் ஏரியைப் பார்த்தார், பஸ்ஸின் கூரையைப் பார்த்தார்.

"பகல்ல வலைல மீன் கம்மியா வுழும்."

"கம்மிதான். ஆனா கிழியாத வலைல வுழும்."

"கிழிஞ்சா?"

"கிழிஞ்சா என்னாண்ட வாங்க. நான் எங்கயும் ஓடல."

கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார் கண்ணையன். அதுவே ஒப்புக்கொண்டதற்குச் சமம்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. பஸ் கூரையிலிருந்து மீன் தண்ணீர் ஜன்னல் வழியாகச் சொட்டியது. முருகன் மலைக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். விரதம் இருந்து வந்த ஓர் அம்மாள், "இது பஸ்ஸா, மீன் கடையா?" என்று சின்னசாமியிடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கியே போய்விட்டார். நஜீர் அகமது கூரையில் தகரத்தை அடித்து, தண்ணீர் பின்பக்கமாக வடிய ஓடை வைத்தார். பீப்பாயின் சூட்டில் அந்தத் தண்ணீர் பட்டு, பஸ்ஸே பொரித்த மீன் வாசனையோடு திருத்தணிக்குள் நுழைந்தது. ஓடையை இன்னொரு பக்கம் திருப்பினார். கிருத்திகையன்று மீன் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்ய எந்தப் பேச்சும் தேவைப்படவில்லை. கண்ணையனே கிருத்திகைக்கு விரதம் இருக்கிறவர்.

வலை அப்புறமும் சில நாள் கிழிந்தது. கண்ணையன் வந்து திட்டுவார். நஜீர் அகமது கேட்டுக்கொள்வார். திட்டி முடித்ததும் கண்ணையன் ஏரியைப் பார்த்தபடி, "குட்டில ஒண்ணு நேத்து தனியா மீன் புடிச்சுது பாய்," என்பார். தனியாக என்றால் எப்படி என்று இவர் கேட்பார். அவர் கையால் காட்டுவார். அதற்குள் வாயு தயாராகிவிடும்.

தை மாதத்தில் ஒரு நாள் அஸ்கரி பேகம் அம்மையார்குப்பத்துக்குச் சேலை எடுக்கப் பஸ்ஸில் வந்தார். பெண்கள் பக்கத்தில், புர்கா அணிந்து, பங்காருவுக்கு அடுத்து உட்கார்ந்தார். ஏரிக்கரை வந்ததும் ஜனங்கள் இறங்கினார்கள். நஜீர் அகமது மனைவியைப் பார்த்தார். அவர் இறங்கவில்லை. முகத்திரையை மட்டும் மேலே தூக்கி ஜன்னல் வழியே பார்த்தார். அன்று நீர்நாய்கள் தாராளமாக விளையாடின. குட்டிகள் பாதி வளர்ந்துவிட்டிருந்தன. ஒன்று கூழாங்கல்லை மார்பில் வைத்துக்கொண்டு மல்லாந்து மிதந்தது, கல் நழுவி விழுந்தது, முங்கி எடுத்தது, மறுபடி வைத்துக்கொண்டது.

அம்மையார்குப்பத்தில் இறங்கும்போது அஸ்கரி பேகம் கணவரிடம் உருதுவில் மெல்லச் சொன்னார்: "வீட்டுக்குத் தாமதமாக வரும்போதெல்லாம் பீப்பாயைக் குறை சொல்வீர்களே. நீர்நாய் இருக்கிறது என்றீர்கள், இப்படி விளையாடும் என்றும் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் நம்பியிருப்பாயா?"

"நம்பியிருக்க மாட்டேன்," என்றார் அஸ்கரி பேகம். "அடுத்த வெள்ளிக்கு என் தங்கை குல்ஜாரையும் கூட்டி வருகிறேன். ஜன்னலோரம் இரண்டு இடம் வையுங்கள்."

மாசியில் ஏரி வற்றத் தொடங்கியது. வாத்துகள் ஒவ்வொரு கூட்டமாகக் கிளம்பிப் போயின. நீர்நாய்கள் ஒரு நாள் இருந்தன, அடுத்த நாள் இல்லை. கால்வாய் வழியாக ஆற்றுக்குப் போயிருக்கும் என்றான் எல்லப்பன்; கால்வாய்ச் சேற்றில் காலடியைப் பார்த்திருக்கிறான். அந்த வருஷம் அவன் நஜீர் அகமதுவிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. வற்றிய ஏரியில் கண்ணையன் பெரிய வலை போட்டு அரித்தபோது கூடை கூடையாக மீன் வந்தது. அதில் முதல் கூடை நஜீர் அகமது வீட்டு வாசலில் வந்து இறங்கியது.

அடுத்த மழைக்கு வாத்துகள் திரும்பின. நீர்நாய்கள் வரவில்லை. அதற்கடுத்த மழைக்கு வந்தன. அதே குடும்பமா, வேறா என்று பஸ்ஸில் பெரிய வாதம் நடந்தது. கண்ணையன் அதே குடும்பம்தான் என்று சாதித்தார்.

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்தது. முதலாளி பீப்பாயைக் கழற்றி இரும்புக்குப் போட்டார். மணவூர் பக்கம் புது பஸ் ஒன்று விட்டபோது, நம்பி ஒப்படைக்க ஆள் வேண்டும் என்று நஜீர் அகமதுவை அதற்கு மாற்றினார். ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்கு ஜமீல் அகமது என்கிற டிரைவர் வந்தார். வேகமாக ஓட்டுகிறவர், சுறுசுறுப்பானவர். வந்த ஒரு வாரத்திலேயே ஸ்டேஷன் வாசலில் நஜீர் அகமதுவைத் தேடிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னாங்க நஜீர் பாய், உங்க பஸ் ஜனங்க இப்படி இருக்கறாங்க? சிறுகூர் ஏரி வந்தா நிறுத்துன்றாங்க. கரி வண்டி இல்லைங்க, இது பெட்ரோல் வண்டி, நிறுத்த வேண்டியதில்லன்னு எவ்வளவோ சொல்லிட்டேன். அந்தக் கீரைக்காரம்மா மணிய அடிச்சுகினே இருக்குது. கண்டக்டரும் அவங்க கட்சி."

"நிறுத்தினியா?"

"நிறுத்தாம எங்க போறது? இறங்கிப் போய் நின்னுகினு தண்ணிய பாக்கறாங்க."

"நீ பாத்தியா?"

ஜமீல் அகமது சற்றுத் தயங்கினார். "கூழைக்கடா வந்திருக்குது," என்றார். "ஒண்ணு ரெண்டு இல்ல, ஏரி வெள்ளையா கீது. இறங்கறதுக்கு எவ்வளவு தூரம் ஓடுது பாய் அது, தண்ணி மேலயே!"

"கனமான வண்டி. பிரேக் பிடிக்க எடம் வேணும்," என்றார் நஜீர் அகமது.

சொல்லிவிட்டு மணவூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். ராத்திரி பெய்த மழை விட்டிருந்தது. அந்த வழி ஏரியிலும் ஊசிவால் வாத்துகள் இறங்கியிருப்பதாக முந்தின நாள் ஒரு பயணி சொல்லியிருந்தார். நஜீர் அகமது ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.